குளிசைதானே எண்டு நினைக்காதேங்கோ

கேள்வி: அப்பாக்கு 63 வயசு, நுரையீரல் கான்சர். ஜீன் ரெஸ்ற் செய்து பாத்திட்டு கீமோ இப்ப வேண்டாம் எண்டு ஜெஃபிட்டினிப் குளிசை தந்திருக்கினம், நாளுக்கு ஒண்டு. மூண்டு கிழமை ஆகுது. முகம் நெஞ்செல்லாம் பொடியளுக்கு வாற பரு மாதிரிப் போட்டிருக்கு, வயித்தாலையும் போகுது. கனடாவிலை இருக்கிற சித்தப்பா பெட்டிக்குள்ளை இருக்கிற பேப்பரை வாட்ஸ்அப்பிலை வாங்கி வாசிச்சுப்போட்டு "இது ஆளைக் கொல்லுற மருந்து, உடனை நிப்பாட்டுங்கோ" எண்டுறார். அப்பாவோ "டொக்டருக்கு மூச்சும் விடாதை, சொன்னா மருந்தை வெட்டிப்போடுவினம்" எண்டுறார். நான் ஆற்றை சொல்லைக் கேக்கிறது? (காரைநகர் வாசகி)

பதில்: ரெண்டு பேற்றை சொல்லையும் கேக்காதேங்கோ தங்கச்சி. ஆனா சித்தப்பாவை விட அப்பாவிலைதான் எனக்குப் பயம் கூட.

முதல்லை பருவைப் பற்றிச் சொல்லிடுறன். இதைக் குறி வைச்சு அடிக்கிற மருந்து எண்டு சொல்லுறவை, அது சரிதான், ஈஜிஎஃப்ஆர் எண்டு கான்சர் கலத்திலை இருக்கிற ஒரு சுவிச்சைத்தான் இது நிப்பாட்டுது, ஆனா அதே சுவிச் எங்கட தோலிலையும் குடலிலையும் கிடக்கு, அதாலைதான் பருவும் வயித்தோட்டமும். கனபேருக்கு இது வரும், வந்தா மருந்து ஒத்துக்கொள்ளேல்லை எண்டு அர்த்தமில்லை. கடையிலை விக்கிற பருக் கிறீம் பூசாதேங்கோ, தோலை இன்னும் காய வைச்சுப்போடும். வெயிலுக்குள்ளை நடமாட விடாதேங்கோ, வாசம் இல்லாத கிறீம் பூசிவிடுங்கோ, மிச்சத்தை டொக்டர் பாப்பார். தோல் கொப்பளிச்சு உரிஞ்சாலோ, வாயெல்லாம் புண்ணாப் போனாலோ, கண் சிவந்து நோவெடுத்தாலோ அது வேற கதை, அண்டைக்கே காட்ட வேணும்.

வயித்தோட்டத்தை எங்கட சனம் லேசா எடுக்கும், பிளேன்ரீயும் குடிச்சிட்டுப் படுக்கும். வழக்கத்தை விட நாலு தரம் கூடப் போனாலே கிளினிக்குக்குச் சொல்லுங்கோ, வயசான உடம்பிலை தண்ணி வத்தினா அடுத்து சிறுநீரகத்திலைதான் பிடிக்கும்.

இப்ப மெயின் விசயத்துக்கு வாறன். இந்த மருந்திலை உண்மையாப் பயப்பிட வேண்டியது நுரையீரல் அழற்சி. உலகத்திலை முதல் முதல் 2002இலை ஜப்பானிலைதான் ஜெஃபிட்டினிப்புக்கு அனுமதி குடுத்தது, குடுத்து சில மாசத்துக்குள்ளையே மூச்சு முட்டிச் சனம் செத்து, அந்த வருசம் ஒக்ரோபரிலையே அவசர எச்சரிக்கை விட்டவை. பொதுவா 100 பேரிலை ஒருத்தர் அளவிலைதான் இது வரும், ஜப்பானிலை கொஞ்சம் கூட. குறைவுதான், ஆனா வந்தா நாள் கணக்கிலை ஆளைச் சாய்ச்சுப்போடும். அடையாளம் என்னெண்டா திடீரெண்டு வாற வறட்டு இருமல், நடக்க ஏலாத இளைப்பு, சில நேரம் காய்ச்சலும். சிக்கலும் அதுதான், நுரையீரல் கான்சர்காரருக்கு இருமலும் இளைப்பும் ஏற்கனவே இருக்குமெல்லே, அதாலை "வருத்தம்தான் கூடுது" எண்டு வீட்டிலை விட்டிடுவினம். நேற்று கிணத்தடிக்கு நடந்தவர் இண்டைக்கு வாசலிலையே இருந்திட்டார் எண்டா அடுத்த கிளினிக் நாளைப் பாத்துக்கொண்டு இருக்காமல், அடுத்த குளிசையைப் போட முதல் டொக்டரிட்டைக் கொண்டு போங்கோ. இரவெண்டாலும் 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸுக்குக் காசில்லை.

நான் மருந்து குடுக்கிற இடத்திலை வேலை செய்த காலத்திலை ஒரு ஐயா, அவரும் உங்கட அப்பா மாதிரித்தான், பத்து நாளா இளைப்பை மறைச்சுக்கொண்டு திரிஞ்சவர், கிளினிக்குக்கு வந்தா "நல்லா இருக்கிறன் ஐயா" எண்டு சிரிப்பார், வெளியிலை வந்து படியிலை பிடிச்சுக்கொண்டு நிப்பார். கடைசியா ஒக்சிசனோடைதான் வாட்டுக்கு வந்தவர். அப்பாக்குச் சொல்லுங்கோ, பருவுக்கும் வயித்தோட்டத்துக்கும் அனேகமா மருந்தைக் கொஞ்ச நாள் நிப்பாட்டிப்போட்டுத் திருப்பித் தொடங்குவினம், சொன்னவுடனை ஒரேயடியா வெட்டிறேல்லை. மறைச்சு மறைச்சு முத்தினாப் பிறகுதான் உண்மையாவே வெட்ட வேண்டி வரும்.

இன்னொண்டு, நெஞ்செரிவெண்டு வீட்டிலை கிடக்கிற ஒமிபிரசோலை எடுத்துக் குடுக்காதேங்கோ, வயித்திலை அமிலம் குறைஞ்சா இந்த மருந்து உடம்பிலை ஒழுங்காச் சேராது. ஈரல் ரத்தச் சோதனைக்கு எழுதித் தந்தா தவற விடாதேங்கோ. கண் மஞ்சளாகி சலம் கடும் நிறமாப் போனா சோதனைத் தேதிக்கும் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: அம்மாக்கு மார்புக் கான்சர், ஒப்பரேசனுக்குப் பிறகு கீமோவும் முடிஞ்சு இப்ப மூண்டு கிழமைக்கு ஒருக்கா ஹெர்செப்டின் ஏத்தீனம். ஒவ்வொரு மூண்டு மாசமும் எக்கோ (இதயத்தைப் பாக்கிற ஸ்கான்) எடுக்கச் சொல்லீனம். இதயத்திலை ஒரு வருத்தமும் இல்லாத ஆளுக்கு ஏன் இந்த அலைச்சல்? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: வருத்தம் வராமல் பாக்கத்தான் தம்பி. கான்சர் கலத்திலை இருக்கிற ஹெர்2 எண்ட புரதத்தைக் குறி வைச்சு அடிக்கிற மருந்து இது, இதயத் தசைக்கும் அந்த ஹெர்2 தேவை, அதாலை சிலருக்கு இதயம் பம்ப் பண்ணுற பலம் குறையும். 2001இலை வந்த பெரிய ஆய்விலை, சிவப்பு மருந்து எண்டு சொல்லுற டொக்சோரூபிசின் வகைக் கீமோவோடை சேத்துக் குடுத்த ஆக்களிலை 27 வீதம் பேருக்கு இதயம் பாதிச்சது, அதுக்குப் பிறகு ரெண்டையும் ஒண்டாக் குடுக்கிறதை விட்டிட்டினம், ஒண்டு முடிச்சுத்தான் மற்றது. நல்ல விசயம் என்னெண்டா நேரத்துக்குக் கண்டு பிடிச்சு மருந்தை நிப்பாட்டினா கனபேருக்கு இதயம் திரும்பித் தேறும். ஆனா பலம் குறையத் தொடங்கேக்கை ஆளுக்கு ஒண்டும் தெரியாது, எக்கோவுக்குத்தான் தெரியும். அலைச்சல் எண்டு ஒண்டைத் தள்ளிப்போட்டா மூண்டு மாசம் ஆறு மாசமாகிப் போகும். அம்மா தலைக்கு ரெண்டு தலாணி கேக்கத் தொடங்கினாலோ, பின்னேரத்திலை செருப்பு இறுக்கினாலோ, கிழமைக்குள்ளை நிறை ஏறினாலோ எக்கோ தேதியைப் பாக்காதேங்கோ.

கேள்வி: எனக்கு ரத்தக் கான்சர், சீஎம்எல். இமாட்டினிப் போடுறன். காலமை எழும்பினா கண் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. சித்த மருந்தாச் சீந்தில் குடிச்சா வீக்கம் வத்துமாம், குடிக்கலாமோ? (பருத்தித்துறை)

பதில்: குடிக்காதேங்கோ. கண் வீக்கம் இந்த மருந்துக்கு வழமையானது, சாப்பாட்டோடை பெரிய கிளாஸ் தண்ணியும் குடிச்சுப் போடுங்கோ. நிறை கெதியா ஏறினா, மூச்சு முட்டினா உடனை காட்டுங்கோ. சீந்தில் குடிச்சு ஈரல் பழுதான ஆக்களைப் பற்றி இந்தியாவிலை டொக்டர்மார் எழுதியிருக்கினம், உங்கட குளிசையும் ஈரலிலைதான் உடையுது, ரெண்டையும் ஒரு ஈரலிலை ஏத்தி வேலை வாங்கிறது சரியில்லை. பம்பளிமாசும் வேண்டாம், ரத்தத்திலை மருந்தின்ரை அளவைக் கூட்டிவிடும். தோடம்பழம் ஆசைக்குத் தின்னுங்கோ.