2022 காலநிலை நிதி: இரு கணக்குகள் ஏன் பொருந்தவில்லை?

காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ள வளரும் நாடுகளுக்கு வளர்ந்த நாடுகள் வழங்கியும் திரட்டியும் தரும் நிதி 2022இல் எவ்வளவு, இரு கணக்குகளில் எது சரி என்று கேட்டிருந்தீர்கள். எதுவும் பிழையன்று; பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதார அமைப்பான ஓஇசிடி தரும் 11,590 கோடி டாலரும், வறுமை ஒழிப்புத் தொண்டு அமைப்பான ஆக்ஸ்ஃபாம் தரும் 2,800 முதல் 3,500 கோடி டாலரும் வெவ்வேறு பொருள்களை அளக்கின்றன. ஆய்வேட்டில் இரண்டையும் வரையறையோடு தாருங்கள்.

முதன்மைக் காரணம் கடன். ஓஇசிடி கடனை முகமதிப்பிலேயே, அதாவது முழுத் தொகையாகவே, சேர்க்கிறது. அவ்வாண்டின் பொது நிதியான 9,160 கோடி டாலரில் ஏறத்தாழ 69 விழுக்காடு கடன்தான், தனியார் முதலீடும் ஏற்றுமதிக் கடனும் அதற்கு மேல் வருகின்றன. ஆக்ஸ்ஃபாமோ கடனிலுள்ள மானியப் பகுதியை (சந்தைக் கடனைவிடச் சலுகையாகக் கிடைக்கும் பயனின் மதிப்பை) மட்டும் எடுத்து, காலநிலை துணை நோக்கமாக மட்டுமே உள்ள திட்டங்களையும் குறைத்து மதிப்பிடுகிறது. வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய தொகையை மானியத்தோடு கூட்டிக் காட்டுவது, ஏற்கெனவே கடனில் திணறும் நாடுகளுக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

சரிபார்க்க, ஓஇசிடியின் திட்டவாரித் தரவில் ஒரே ஒரு நாட்டை, எடுத்துக்காட்டாக வங்கதேசத்தை, தேர்ந்து, கடன் வரிசைகளைப் பிரித்து, அவற்றின் மானியப் பகுதியைக் காட்டும் மானியச் சமமதிப்பு நெடுவரிசையைத் தனியாகக் கூட்டுங்கள்; இடைவெளி உடனே தெரியும்.

ஆனால் அந்த நெடுவரிசை எல்லா வரிசைகளிலும் நிரப்பப்பட்டிருக்காது. வெற்றிடத்தைச் சுழியமாகக் கொண்டால் உங்கள் கூட்டுத்தொகை உண்மையைவிடக் குறைந்துவிடும்.