எச்சரிக்கையே இல்லாமல் அணைந்துவிடும் லேப்டாப்: விண்டோஸை மீண்டும் நிறுவினால் சரியாகுமா?

நீலத்திரை (விண்டோஸ் முடங்கும்போது வரும் பிழை அறிவிப்பு) எதுவும் வராமல், 40 விழுக்காடு சார்ஜ் இருக்கும்போதே உங்கள் ஐந்து வருட லேப்டாப் பட்டென்று அணைந்துவிடுவதாகவும், விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவும்படி கடைக்காரர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு விண்டோஸைத் தொட வேண்டாம். அதில் கோளாறு என்றால் பெரும்பாலும் நீலத்திரை வரும், திரை உறைந்து நிற்கும், அல்லது தானாகவே ரீஸ்டார்ட் ஆகும்; ஒரே நொடியில் மொத்தமும் இருண்டுபோவது மின்சாரம் அறுபடுவதைக் காட்டுகிறது.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு சிவப்புக் குறியோடு இருக்கும். அதையே நோயாக நினைத்துப் பலர் தேடி அலைகிறார்கள். முந்தைய முறை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்று அடுத்த முறை இயங்கும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்புதான் அது. அதன் விவரத்தில் பக்செக் கோட் (பிழைக் குறியீட்டு எண்) 0 என்றிருந்தால், காரணத்தைப் பதிவுசெய்ய விண்டோஸுக்கு அவகாசமே கிடைக்கவில்லை என்று கொள்ளலாம்.

அலுவலக லேப்டாப்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், உங்கள் விவரத்தைப் படித்ததும் எனக்கு முதலில் பேட்டரி மீதுதான் சந்தேகம் விழுகிறது. திரையில் தெரியும் விழுக்காடு ஒரு கணிப்பு மட்டுமே. பேட்டரிக்குள் தொடராக இணைக்கப்பட்ட செல்களில் ஒன்று நலிந்துவிட்டால், சும்மா இருக்கும்போது அது சமாளித்துக்கொள்ளும். நீங்கள் ஒரு வீடியோ அழைப்பைத் தொடங்கி, பிராசஸர் திடீரென்று கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும்போது, அந்தச் செல்லின் மின்னழுத்தம் சடாரென்று சரிய, பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று முழு இணைப்பையும் துண்டித்துவிடுகிறது. மறுபடி இயக்கும்போது 40 இருந்த இடத்தில் 6 அல்லது 7 காட்டினால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி கருவியின் பேட்டரி ரிப்போர்ட் கட்டளையை (powercfg /batteryreport) இட்டு, வடிவமைப்புக் கொள்ளளவையும் இப்போதைய முழு சார்ஜ் கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியாகக் குறைந்திருந்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. கொள்ளளவு நன்றாக இருப்பதாலேயே பேட்டரி குற்றமற்றது என்றும் ஆகிவிடாது. டச்பேட் மேலெழும்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கலாம். அழுத்தவோ குத்தவோ கூடாது, பயன்படுத்துவதை உடனே நிறுத்துங்கள்.

சார்ஜரில் இருக்கும்போதும் அணைந்தால் அடுத்த சந்தேகம் சூடு. பல இன்டெல் பிராசஸர்களுக்கு வரம்பு 100 டிகிரி செல்சியஸ். அதை எட்டும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்குப் பிறகும் சூடு ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) போன்ற மென்பொருளில் வெப்பநிலையைக் கவனியுங்கள். வெளியிலிருந்து ஊதுவதில் பயன் குறைவு, ஏனெனில் விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டுபோல் படிந்திருக்கும்; விசிறியைக் கழற்றினால்தான் அது கைக்கு வரும். பிராசஸரின் சூட்டை வெப்பத் தகடுகளுக்குக் கடத்த உதவும் தெர்மல் பேஸ்ட்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

விண்டோஸ் மீது இன்னும் ஐயம் இருந்தால், உபுண்டு என்ற வேறொரு இயங்குதளத்தை நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து இயக்கி, அதே அளவு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். அங்கேயும் அணைந்தால், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம் (சில மாடல்கள் பேட்டரி இல்லாமல் இயங்காது). அப்போதும் அணைகிறது, சூடும் இல்லை என்றால், வேறொரு சார்ஜரைப் போட்டுப் பார்த்த பிறகே மதர்போர்டு பக்கம் போக வேண்டும்; அதற்கும் போர்டையே மாற்றச் சொல்லும் கடையை விட, போர்டில் பழுதான சிப்பை மட்டும் சரிசெய்யும் கடையைத் தேடிப் போவது செலவைக் கணிசமாகக் குறைக்கும்.