அன்னா கரேனினா: பெயர்க் குழப்பமும் லெவின் அத்தியாயங்களும்

டால்ஸ்டாயின் இந்த ரஷ்ய நாவலில் 3-ம் பாகம் வந்தும் யார் யாரென்று பிடிபடவில்லை, லெவினின் பண்ணைப் பகுதியைத் தாண்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாண்டாதீர்கள்.

முதலில் பெயர்கள். நடுவில் வருவது தந்தை பெயர். அன்னா அர்க்காதியெவ்னா, ஸ்தெபான் அர்க்காதியெவிச்: அப்பா அர்க்காதி, ஆக அண்ணன் தங்கை. இந்த ஸ்தெபான்தான் ஸ்தீவா. ஸ்தீவாவின் மனைவி டாலி, அவள் தங்கை கிட்டி இருவரும் அலெக்சாந்த்ரொவ்னா. பெரிய சிக்கல் அலெக்ஸேய். அன்னாவின் கணவருக்கும் காதலனுக்கும் அதே பெயர். அலெக்சாந்த்ரொவிச் என்றால் கரேனின் (டாலியின் சகோதரர் அல்ல, அப்பாக்கள் வேறு), கிரீலொவிச் என்றால் விரான்ஸ்கி. ஒரு அட்டையில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

லெவின் ஆட்களோடு புல் அறுக்கும் 4, 5-ம் அத்தியாயங்களை நிதானமாகப் படியுங்கள், அற்புதமானவை. விவசாய விவாதங்களில் வேகமாகப் போகலாம். ஆனால் 12-ம் அத்தியாயத்தில் விடியற்காலை வண்டியில் போகும் கிட்டியை அவன் பார்க்கிறான். அதை விட்டுவிட்டால் 5-ம் பாகத்தில் வரும் அவர்கள் கல்யாணம் மனதில் ஒட்டாது.