அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் கான்ஃபரன்ஸ்களை (தமக்குள் ஆடும் பல்கலைக்கழகக் கூட்டமைப்புகளை) வட்டாரப் போட்டியையும் அணிகளின் வலிமையையும் வைத்து எப்படி மாற்றியமைக்கலாம்?

ஒரிகன் மாநிலத்துக் கோர்வாலிஸில் முதுகலை படித்தபோதுதான், பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து எனக்குப் பழக்கமானது. 2022 நவம்பர் 26 அன்று ரீசர் ஸ்டேடியத்தில் இருந்தேன். மேற்குப் பக்கத்தை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்ததால் மற்றப் பக்கங்களில் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. சுமார் 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள யூஜினிலிருந்து வந்த ஒரிகன் பல்கலைக்கழக அணி 31-10 என்று முன்னிலையில் இருந்தது. எங்கள் ஒரிகன் ஸ்டேட் அணியோ, பந்தை எறிவதையே ஏறக்குறைய விட்டுவிட்டு ஓடியே ஆடி, 38-34 என்று வென்றது. பக்கத்தில் நின்ற முதியவர் யூஜினில் இருக்கும் தம் மைத்துனரைக் கைபேசியில் அழைத்து, ஒரு வார்த்தையும் பேசாமல், ஸ்டேடியத்தின் இரைச்சல் கேட்கும்படி அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். இவ்விரு அணிகளும் முதன்முதலில் மோதியது 1894இல்.

இவ்விரு அணிகளும் ஆடிவந்த கான்ஃபரன்ஸ், 1915இல் பிறந்த கான்ஃபரன்ஸின் வழிவந்த பேக்-12, அடுத்த ஆண்டே சிதறியது. லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள தென் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகமும் பிக் டென் என்ற வேறொரு கான்ஃபரன்ஸுக்குப் போவதாக முன்பே அறிவித்திருந்தன. 2023 ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஒரிகன் உள்ளிட்ட ஐந்து பல்கலைக்கழகங்கள் விலகலை அறிவித்தன. கடைசியில் ஒரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் ஆகிய இரண்டே எஞ்சின. கால்பந்து ஒளிபரப்பு உரிமை பல்கலைக்கழகங்களின் கைக்குப் போக 1984ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வழிவிட்டது. அன்று முதல் கான்ஃபரன்ஸின் எல்லையை நில வரைபடத்தைவிடத் தொலைக்காட்சிச் சந்தையே வரைந்து வருகிறது.

ஆகவே என் முதல் யோசனை, கால்பந்தை மற்ற விளையாட்டுகளிலிருந்து பிரிப்பது. கால்பந்து வாரத்துக்கு ஒன்றாக 12 ஆட்டங்கள். எத்தனை தொலைவு பறந்தாலும் தாங்கும். வாலிபாலும் சாஃப்ட்பாலும் அப்படியல்ல. பிக் டென்னில் லாஸ் ஏஞ்சலிஸ் மாணவி நியூ ஜெர்சியின் ரட்கர்ஸுடன் ஆட ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் பறக்க வேண்டும், அதுவும் கால்பந்துக்காகப் போட்ட ஒப்பந்தத்தின் பேரில். இந்த ஆட்டங்களெல்லாம் பேருந்தில் போய்வரும் தூரத்துக்குள் திரும்பியே ஆக வேண்டும். இதில் எனக்குச் சமரசமே இல்லை.

அடுத்தது கால்பந்தில் வலிமை. ஐரோப்பாவின் சாக்கர் (காலால் உதைத்து ஆடும் கால்பந்து) லீக்குகளைப் போல, ஒவ்வொரு வட்டாரத்திலும் மேல், கீழ் என இரு பிரிவு வைத்து, ஆண்டுதோறும் அணிகளை ஏற்றி இறக்கலாம். ஆனால் பங்காளி ஆட்டம் அந்தப் பிரிவைச் சார்ந்திருக்கக் கூடாது. ஒரு அணி கீழே இறங்கினாலும் அதன் அண்டை எதிரியுடனான ஆட்டம் அட்டவணையில் அசையாமல் இருக்க வேண்டும். வலிமையை மட்டும் அளவுகோலாக்கினால் என்ன இழப்போம் என்பதற்கு ஒக்லஹோமா போதும். ஒக்லஹோமா வேறு கான்ஃபரன்ஸுக்குப் போய்விட்டதால், ஒக்லஹோமாவும் ஒக்லஹோமா ஸ்டேட்டும் ஒரே கான்ஃபரன்ஸில் மோதிய கடைசி ஆட்டம் 2023இல் நடந்தது. அதில் 27-24 என்று வென்றது, இவ்விரு அணிகளின் மோதல் வரலாற்றில் தோல்விகளையே அதிகம் கண்ட ஒக்லஹோமா ஸ்டேட். டெக்சஸும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் 2011க்குப் பின் மீண்டும் மோத 2024 நவம்பர் 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்படி ஆட்டங்களைப் பூட்டிவைப்பது நடக்காத காரியமுமல்ல. 18 அணிகளாகப் பெருத்துவிட்ட பிக் டென்னே சில ஆட்டங்களை ஆண்டுதோறும் நிலைநிறுத்துகிறது. மின்னசோட்டாவும் அயோவாவும் 1935இல் இரு ஆளுநர்கள் கட்டிய பந்தயத்திலிருந்து வந்த, சுமார் 44 கிலோ எடையுள்ள வெண்கலப் பன்றிச் சிலைக் கோப்பைக்காக இன்றும் மோதுகின்றன. ஒளிபரப்பு வருவாயைப் பெரிய பல்கலைக்கழகங்கள் கீழ்ப்பிரிவோடு பகிர மறுக்கும் என்பதே உண்மையான தடை. நடப்பு ஒப்பந்தங்கள் முடியும் வரை அதை அசைக்க இயலாது.

பூட்டிவைத்தால் மட்டும் போதாது, நாளும் முக்கியம். 2024இல் ஒரிகனும் ஒரிகன் ஸ்டேட்டும் தனித்தனிக் கான்ஃபரன்ஸ் ஆனபின், அந்த ஆட்டம் நவம்பர் இறுதியிலிருந்து செப்டம்பர் 14க்கு நகர்ந்து, கோர்வாலிஸில் 49-14 என்று முடிந்தது. அங்கே இலையுதிர்காலப் பருவ வகுப்புகள் தொடங்குவது செப்டம்பர் கடைசியில்தான். ஆட்டம் நடந்தபோது மாணவர்கள் பலர் ஊருக்கே வந்து சேர்ந்திருக்கவில்லை.