குட்டி மலைப்பாம்பு இரை எடுக்க மறுக்கிறதா? கேள்வி பதில்

வேளச்சேரி வாசகர்: நாங்கள் வாங்கிய பால் பைத்தான் (ball python) மலைப்பாம்புக் குட்டி மூன்று வாரமாக எலியைத் தொடவே இல்லை. நான்கடிக் கண்ணாடித் தொட்டியில், எல்லோரும் பார்க்கும்படி கூடத்தில் வைத்திருக்கிறோம். என்ன குறை?

பதில்: குறை இரையில் இல்லை, இருப்பிடத்தில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த இனம் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலெல்லாம் ஒடுங்கிக் கிடந்து, இருட்டிய பிறகே வெளிவரும்; அப்படிப்பட்ட உயிரை நாற்புறமும் கண்ணாடியும் ஆள் நடமாட்டமும் சூழ்ந்த இடத்தில் விட்டால், அதற்கு எந்நேரமும் அச்சமே மிஞ்சும், அஞ்சிய பாம்பு இரை எடுக்காது. தொட்டியை அமைதியான அறைக்கு மாற்றி, மூன்று பக்கங்களைக் கறுப்புத் தாளால் மறையுங்கள். வெப்பமான ஓரத்தில் ஒன்றும் குளிர்ந்த ஓரத்தில் ஒன்றுமாக இரண்டு மறைவிடங்கள் வேண்டும். அவை பெரிதாக இருந்தால் பயனில்லை. குட்டி சுருண்டு படுத்தால் அதன் உடல் சுவர்களில் உரச வேண்டும். விளிம்பில் வாசல் வெட்டி, கூர்முனையைத் தேய்த்து, கவிழ்த்து வைத்த சிறு பூந்தொட்டியே போதும். நடுவில் உள்ள வெற்றிடத்தைக் காய்ந்த சருகால் நிரப்புங்கள். பிறகு ஒரு வாரம், தண்ணீர் மாற்றவும் கழிவை அகற்றவும் தவிர, கையை உள்ளே விடாதீர்கள். விருந்தினருக்குக் காட்டுவதற்காகக்கூட அதை வெளியே எடுக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணா நகர் வாசகர்: சென்னை வெயிலில் தனியாகச் சூடு தேவையா? தொட்டி ஏ.சி. அறையில் இருக்கிறது.

பதில்: ஏ.சி. அறையில் கட்டாயம் தேவை. ஒரு ஓரம் 31 முதல் 32 டிகிரி செல்சியஸ், மறு ஓரம் 26 டிகிரி அளவில் இருக்கட்டும்; போதிய சூடு இல்லாவிட்டால் விழுங்கிய இரை செரிக்காமல் கக்கிவிடும். மின்சாரத்தால் சூடேறும் வெப்பப் பாயை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், வயிற்றுத் தோல் வெந்துவிடும். ஏ.சி. காற்றை உலர்த்துவதால், தென்னை நார்த்தூள் பரப்பி ஈரப்பதத்தை 60 சதவீத அளவில் காத்து வாருங்கள். மே மாதத்தில் மின்சாரம் போனால் சிக்கல் நேர்மாறானது. குளிர்ந்த ஓரமே இல்லாமல் போகாதபடி தொட்டியை வீட்டின் குளுமையான மூலைக்கு மாற்ற வேண்டும்.

பெரம்பூர் வாசகர்: உயிருள்ள எலியை விட்டால் உடனே பிடிக்காதா?

பதில்: வேண்டாம். பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். உறைய வைத்த எலியை முழுவதும் உருகவிட்டு, வெந்நீரில் நனைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். உதட்டிலுள்ள குழிகளால் வெப்பத்தை உணர்ந்தே பாம்பு தாக்கும். விளக்கை அணைத்து, நீண்ட இடுக்கியால் மறைவிட வாசலில் காட்டுங்கள். எடுக்காவிட்டால் ஒரு வாரம் கழித்து முயலுங்கள்.

தாம்பரம் வாசகர்: கண்கள் நீலம் பூத்து மங்கலாக இருக்கின்றன, இரையும் எடுக்கவில்லை.

பதில்: சட்டை உரிக்கப்போகிறது; உரித்து முடியும்வரை இரை வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், வாயைத் திறந்து மூச்சுவிட்டாலும், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டு செல்லுங்கள்.