வாசகர் கேள்வி பதில்: எந்தத் தண்ணீருக்கு எந்த நெல்?

கேள்வி: ஃபெஞ்சல் புயலப்போ, நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பா ஒரு வாரத்துக்கு மேல தண்ணிக்குள்ள கிடந்து அழுகிப் போச்சு. "மரபணு மாத்தின நெல் இருக்கு, பதினைஞ்சு நாள் முங்கினாலும் சாகாது" என்கிறார் என் மச்சான். நம்பலாமா? சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதா?
- வாசகர், பாகூர்

பதில்: மச்சான் சொன்னதில் பாதி சரி. அப்படி ஒரு நெல் இருக்கிறது, ஆனால் அது மரபணு மாற்றிய நெல் இல்லை.

நெல் தண்ணீரில் நிற்கிற பயிர்தானே, பிறகு ஏன் சாகிறது? வேர் தண்ணீரில் நிற்பது வேறு, நுனி இலை வரை முங்கிப் போவது வேறு. முழுக்க முங்கியதும், பயிருக்குள் எப்போதும் சுரக்கிற எத்திலீன் வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்குகிறது. உடனே சாதாரண நெல் எப்படியாவது தலையை வெளியே நீட்டிவிடலாம் என்று, சேர்த்து வைத்த மாவுச்சத்தை எல்லாம் செலவழித்து இலையை இழுத்து இழுத்து வளர்க்கும். ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் வடியும்போது கையில் சல்லிக்காசு இருக்காது, தண்டு துவண்டு சேற்றில் படுத்துவிடும். உங்கள் வயலில் வெளிறிப் போய்க் கிடந்தது அதுதான்.

ஒடிசாவின் பழைய நாட்டு ரகம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்கிற நெல் மட்டும் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. முங்கினால் வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கும், தண்ணீர் வடிந்ததும் மிச்சம் வைத்த சத்தில் புது இலை விடும். விளைச்சல் குறைவு, அதனால் யாரும் விரும்பிப் பயிர் செய்யவில்லை. அதற்குள் இருந்த சப்1ஏ என்கிற மரபணுதான் இந்த வேலையைச் செய்கிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் வெளியிட்டார்கள். அதன் பிறகு செய்தது பழைய ஒட்டுச் சேர்க்கைதான்: எஃப்.ஆர்.13ஏ வழி வந்த நெல்லை நல்ல ரகத்தோடு சேர்த்து, பிறந்த நாற்றுகளில் அந்த மரபணு எதில் இறங்கியிருக்கிறது என்று சோதனைக்கூடத்தில் பார்த்து, அதை மட்டும் எடுத்து மறுபடி மறுபடி அதே நல்ல ரகத்தோடு சேர்த்தார்கள். நெல்லுக்குள் நெல், அவ்வளவுதான். சாப்பாட்டில் எந்தப் பயமும் வேண்டாம்.

இப்படி வந்த சுவர்ணா சப்1 இந்தியாவில் 2009-ல் வெளியானது. நம் பக்கத்துக்கு ஏற்றது சி.ஆர்.1009 சப்1. சம்பாவுக்கான நீண்ட வயது ரகம், வெள்ளம் வராத வருஷத்தில் பழைய 1009 போலவேதான் விளையும்.

ஆனால் மச்சானிடம் இதையும் சொல்லுங்கள். பயிர் இளசாக இருக்கும்போது, சுமார் இரண்டு வாரம் வரை, அதுவும் தண்ணீர் வந்து வடிகிற இடத்தில்தான் இது கைகொடுக்கும். கலங்கிய செம்மண் தண்ணீர் என்றால் வெளிச்சம் உள்ளே போகாமல் அந்தத் தாங்கும் நாளும் குறையும். பூக்கிற நேரத்தில் முங்கினால் சப்1-ம் ஒன்றுதான், சாதாவும் ஒன்றுதான். வடிகால் தூர்ந்து போய் முழங்கால் தண்ணீர் மாதக் கணக்கில் நிற்கிற வயலுக்கும் இது மருந்து இல்லை. அங்கே தூர்வாரக் கேட்டு மனு கொடுப்பதுதான் வழி, எத்தனாவது மனு என்று கேட்காதீர்கள்.

தண்ணீர் வடிந்ததும் வேளாண் துறை சொல்கிற முறை: ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ சிங்க் சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலையில் தெளிக்க வேண்டும். முழுசாக வடியுமுன் யூரியாவை வயலில் வீசாதீர்கள், காசு வாய்க்காலோடு போய்விடும்.

கேள்வி: பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டு மரத்தின் மரபணுவை நெல்லில் வைத்து, உப்புத் தண்ணீரில் விளைய வைத்துவிட்டார்கள் என்று படித்தேன். எங்கள் பரங்கிப்பேட்டைப் பக்கம் எப்போது வரும்?
- வாசகி, சிதம்பரம்

பதில்: முயற்சி நிஜம். சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடா தலைமையிலான குழு சுரபுன்னைக் காட்டு மரமான வெண்கண்டலிலிருந்து மரபணுக்களைப் பிரித்து நெல்லில் செலுத்திப் பார்த்தது. இது உண்மையிலேயே மரபணு மாற்றம், ஒரு மரத்துடையதை நெல்லுக்குள் வைப்பது. வயலுக்கு வரவில்லை. இந்தியாவில் 2002 முதல் வணிக ரீதியாகப் பயிராகிற மரபணு மாற்றுப் பயிர் பி.டி. பருத்தி ஒன்றுதான், பி.டி. கத்தரிக்காய்கூட 2010-ல் நிறுத்தி வைக்கப்பட்டது. அதுவும் போக, உப்பைத் தாங்குவது ஒரு மரபணுவின் வேலை இல்லை. வேரில் உப்பைத் தடுக்கணும், உள்ளே வந்ததை ஒதுக்கி வைக்கணும், பூக்கிற நேரத்தில் மணி பதராகாமல் இருக்கணும் என்று பல வேலை. அதற்குக் காத்திருக்காமல் களர்பாலை, குழியடிச்சான் மாதிரி உவர் தாங்கும் பழைய ரகங்களை ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள். விளைச்சல் குறைவுதான், ஆனால் விதை கிடைக்கிறது.

கேள்வி: 2025-ல் அரசு அறிவித்த புது நெல் எங்கள் மானாவாரிக்கு ஆகுமா? அதுவும் வெள்ளம் தாங்குமா?
- வாசகர், விருத்தாசலம்

பதில்: நீங்கள் கேட்பது பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 என்று நினைக்கிறேன். எம்.டி.யு.1010 என்கிற ஆந்திர ரகத்தில், வெளியிலிருந்து எதையும் நுழைக்காமல், அதற்குள் இருந்த டி.எஸ்.டி. மரபணுவை மட்டும் திருத்தியிருக்கிறார்கள். அந்த மரபணு முடங்கினால் இலைத்துளைகள் இறுக்கமாக மூடிக்கொள்ளும், தண்ணீர் ஆவியாவது குறையும். அதனால் வறட்சிக்கும் உப்புக்கும் உதவும் என்கிறார்கள். வெள்ளத்துக்கு இல்லை. எந்த நெல்லை வைத்து யார் பேசினாலும் "எந்தத் தண்ணீருக்கு, எத்தனை நாளைக்கு, பயிரின் எந்த வயதில்?" என்று திருப்பிக் கேளுங்கள், பாதிப் பேச்சு அங்கேயே அடங்கிவிடும்.

கேள்வி: வறட்சி தாங்கும் கரும்பு உண்டா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வறட்சி தாங்கும்படி மரபணு மாற்றிய கரும்புக்கு இந்தோனேசியாவில் 2013-ல் அனுமதி கொடுத்தார்கள். இங்கே அதற்கு அனுமதி இல்லை. சோகையை (காய்ந்த தோகையை) எரிக்காமல் பரப்பிவிடுங்கள், ஈரம் நிற்கும்.

கேள்வி: சி.ஆர்.1009 சப்1 கேட்டால் கடையில் சாதா 1009-ஐ மூட்டை மாற்றித் தருகிறார்களோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், புவனகிரி

பதில்: மணியைக் கையில் வைத்துப் பார்த்தால் தெரியவே தெரியாது, இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். வேளாண்மை விரிவாக்க மையத்தில் வாங்குங்கள், புதுச்சேரிக்காரர்கள் உழவர் உதவியகத்தில் கேட்கலாம். சான்று விதை என்றால் மூட்டையில் நீல அட்டை தைத்திருக்கும், அதில் ரகத்தின் பெயர் சப்1 என்று முழுசாக இருக்கிறதா பாருங்கள். இது வீரிய ஒட்டு ரகம் இல்லை என்பதால், கலப்பு இல்லாமல் அறுத்துக் காயவைத்தால் அடுத்த சம்பாவுக்கு உங்கள் விதையையே வைத்துக்கொள்ளலாம். பில்லையும் அட்டையையும் மட்டும் அறுவடை வரை தூக்கிப் போடாதீர்கள், புகார் கொடுக்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.