மன அழுத்தம் வந்தால் வயிறும் கெடுகிறது, அடிக்கடி சளியும் பிடிக்கிறது. இதற்குக் குடல் பாக்டீரியாதான் காரணமா? புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய மாத்திரை) எடுத்தால் சரியாகுமா?

பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு, ஆனால் பெரும்பாலும் முதல் பங்கு அதற்கில்லை. வேலையோ வீடோ நெருக்கும் மாதங்களில் மட்டும் வயிறு கெடுகிறது என்றால் அழுத்தத்திலிருந்து கீழ்நோக்கிப் பார்ப்பதே சரி. மாத்திரை கடைசியில் வரட்டும்.

அழுத்தம் வந்ததும் மூளையின் ஹைப்போதலாமஸ் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. இந்த சி.ஆர்.எச்.சுக்குக் குடலிலும் வேலை உண்டு. குடல் சுவரில் இருக்கும் மாஸ்ட் செல்களை (ஒவ்வாமையில் பங்குள்ள நோயெதிர்ப்பு செல்கள்) அது தூண்டிவிடும். அவை வெளிவிடும் பொருள்கள் குடல் செல்களுக்கு இடையிலான இணைப்புகளைத் தளர்த்துகின்றன. 2014இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மனிதர்களிடமே காட்டினார்கள். கூட்டத்துக்கு முன்னால் பேசச் சொன்னபோது, கார்டிசால் நன்றாக ஏறியவர்களுக்குச் சிறுகுடலின் கசிவு கூடியது. மாஸ்ட் செல்களை அடக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது கசிவு கூடவில்லை. பாக்டீரியா மாறுவதற்கெல்லாம் அங்கே நேரமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கசிவு நீடித்தால் பாக்டீரியாவின் செல்சுவர்த் துண்டுகள் சுவருக்குள் நுழைகின்றன. அங்கே காத்திருக்கும் நோயெதிர்ப்பு செல்கள் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்களை விட்டு அழற்சியைத் தொடங்குகின்றன. அழுத்தம் குடலின் அசைவையும் மாற்றும்: இரைப்பை மெதுவாகக் காலியாகும், பெருங்குடல் வேகமெடுக்கும். பாக்டீரியாவுக்குக் கிடைக்கும் உணவும் நேரமும் மாறுவதால் எந்த இனம் பெருகும், எது குறையும் என்பதும் மாறுகிறது.

சளி ஏன் அடிக்கடி பிடிக்கிறது? கார்டிசால் குறுகிய காலத்துக்கு அழற்சியை அடக்கும். மாதக்கணக்கில் உயர்ந்தே இருந்தால் எதிர்ப்பு செல்கள் அதன் சொல்லைக் கேட்பதை நிறுத்திக்கொள்ளும். அழற்சி அடங்காது, வைரஸை எதிர்க்கும் திறனும் குறையும். 1991இல் வெளியான ஓர் ஆய்வில் 394 ஆரோக்கியமானவர்களின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். மன அழுத்த மதிப்பெண் கூடக் கூடத் தொற்றும் சளியும் கூடின.

மனநிலைக்கு வருவோம். அதோடு இணைத்துப் பேசப்படும் வேதிப்பொருள் செரோட்டோனின். "செரோட்டோனினில் 90 சதவீதம் குடலில்தான் உற்பத்தியாகிறது" என்ற வரியை எங்கும் பார்த்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த செரோட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போக முடியாது. இந்தப் பாதியைச் சொல்லாமல் விடுவது விளம்பரக்காரர்களுக்கு வசதி. உண்மையான வழிகள் வேறு. அழற்சி கூடும்போது டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை வேறு பாதைக்குத் திருப்பும் ஒரு நொதி வேகமெடுக்கிறது. மூளை செரோட்டோனின் தயாரிக்க டிரிப்டோஃபான்தான் மூலப்பொருள். ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில் கணிசமான நோயாளிகளுக்கு மனச்சோர்வு வந்ததே, அது அழற்சி மனத்தைத் தொடும் என்பதற்கு நேரடிச் சான்று. இரண்டாவது வழி, மூளையையும் குடலையும் இணைக்கும் வேகஸ் நரம்பு. அதன் இழைகளில் சுமார் 80 சதவீதம் உடலிலிருந்து மூளைக்குத் தகவல் கொண்டுபோகின்றன. மூன்றாவது, நார்ச்சத்தைப் புளிக்கவைத்துப் பாக்டீரியா தயாரிக்கும் பியூட்டிரேட். பெருங்குடல் செல்களின் முக்கிய எரிபொருள் அது. சுவரை இறுக்கமாக வைத்து, அழற்சியை அடக்கும் செல்களை வளர்க்கிறது.

பாக்டீரியாவே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள் அழுத்தத்துக்கு மிகையாக எதிர்வினை காட்டியதை ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தினர் 2004இல் காட்டினார்கள். ஆகவே தொடர்பு இருப்பதில் சந்தேகம் இல்லை. மாத்திரையாக்கும்போதுதான் சறுக்குகிறது. லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் இனத்தின் ஜேபி-1 என்ற ரகம் 2011இல் எலிகளின் பதற்றத்தைக் குறைத்தது, வேகஸ் நரம்பை வெட்டியதும் பலன் மறைந்தது. மிக அழகான ஆய்வு. அதே ரகத்தை ஆரோக்கியமான ஆண்களுக்கு எட்டு வாரம் கொடுத்து 2017இல் வெளியிட்ட முடிவில், வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை.

நடைமுறைக்கு, முதலில் மூன்று நாள் சாப்பாட்டை எழுதி நார்ச்சத்தைக் கணக்கிடுங்கள். வேகவைத்த பயறு அரை கப் என்றால் சுமார் 7 கிராம், தோலுடன் ஆப்பிள் 4 கிராம், ஓட்ஸ் 40 கிராமில் 4 கிராம், கொட்டைகள் ஒரு கைப்பிடி 3 கிராம். பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 12 கிராமில் இருப்பவர் மறுநாளே 30க்குத் தாவினால் வாயுவும் உப்புசமும் வந்து, "எனக்கு நார்ச்சத்து ஒத்துக்கொள்ளாது" என்று விட்டுவிடுவார். நான் பரிந்துரைப்பது வாரத்துக்கு 5 கிராம் மட்டும் கூட்டுவது. ஐ.பி.எஸ். (எரிச்சலுறும் குடல் நோய்) உள்ளவர்களுக்கு வெங்காயம், பூண்டு, கோதுமை தொந்தரவு தரலாம். அவர்களுக்கு இசப்கோல் பொதுவாகத் தாங்கும், ஏனெனில் அது அதிகம் புளிப்பதில்லை. 3 முதல் 5 கிராமை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். தண்ணீர் போதாவிட்டால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். மற்ற மருந்துகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

புளித்த உணவுகளுக்கு நான் கூடுதல் மதிப்பு கொடுப்பேன். ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை வைத்து நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், புளித்த உணவு சாப்பிட்ட குழுவுக்குப் பாக்டீரியாவின் பன்மை (எத்தனை வகை என்பது) கூடியது, 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்துக் குழுவுக்கு அந்தச் சில வாரங்களில் பன்மை கூடவில்லை. ஆனால் அவர்கள் சாப்பிட்ட அளவு நாளுக்கு சராசரியாக ஆறு பரிமாறல். இரவில் இரண்டு ஸ்பூன் தயிர் சாப்பிட்டுவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது. புளித்த பிறகு சூடாக்கியதில் உயிருள்ள பாக்டீரியா இருக்காது. வினிகர் ஊற்றிய ஊறுகாய் புளித்த உணவே அல்ல.

மேலிருந்து அழுத்தத்தைக் குறைக்க, நாளுக்குப் பத்து நிமிடம், நான்கு நொடி மூச்சிழுத்து ஆறு நொடி விடுங்கள். தூங்கி எழும் நேரம் மாறாமல் இருக்கட்டும். ஐ.பி.எஸ்.சுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை) குடலை மையமாகக் கொண்ட ஹிப்னோ சிகிச்சையும் மருத்துவ வழிகாட்டுதல்களிலேயே உண்டு. மாத்திரைக்குக் கொடுக்கும் பணத்தை இதில் போடலாம்.

அப்படியும் புரோபயாட்டிக் வேண்டுமென்றால் ரகத்தின் பெயரும் எண்ணும் அட்டையில் இருப்பதை மட்டும் வாங்கி, நான்கு வாரம் பார்த்து, மாற்றமில்லை என்றால் நிறுத்துங்கள். ஆன்டிபயாட்டிக் முடித்ததும் கட்டாயம் எடுக்க வேண்டும் என்பதும் சரியல்ல. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தின் 2018 ஆய்வில், எடுத்தவர்களுக்குச் சொந்தப் பாக்டீரியா திரும்பி வருவது தாமதமானது. எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவர்களும் பெரிய ரத்தக் குழாயில் டியூப் இருப்பவர்களும் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. மலத்தை அனுப்பிப் பாக்டீரியாப் பட்டியல் வாங்கும் பரிசோதனை வேண்டாம். "சரியான அளவு" இதுதான் என்று யாரும் இன்னும் வரையறுக்கவில்லை.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை இருந்தால் மேலே சொன்ன எதையும் முயலாமல் மருத்துவரிடம் போங்கள். தைராய்டுக் கோளாறும் பி12 குறைபாடும் சோர்வையும் மந்தமான மனநிலையையும் தரும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடு இல்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குரிய சிகிச்சை வேண்டும். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றே உதவி கேளுங்கள்.

மனச்சோர்வு மருந்து தொடங்கிய முதல் ஓரிரு வாரத்தில் சிலருக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரும். குடல் பாக்டீரியா அழிந்துவிட்டதென்று பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது குடல் செரோட்டோனின் மீது மருந்து செய்யும் வேலை. பெரும்பாலும் தானே அடங்கும், சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். அடங்காவிட்டால் மருத்துவர் அளவை மாற்றுவார். நீங்களாகத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம்.